பத்திரத்தைப் படித்த எழுத்தாளர்: மார்க் ட்வைனும் பிலிப்பைன்ஸ் போரும்

மார்க் ட்வைன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் என்ற இரண்டு வாண்டுப் பயல்கள்தான். நரைத்த மீசை, கையில் சுருட்டு, வாயைத் திறந்தால் நகைச்சுவை... அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளை அவர். ஆனால் அதே மனிதர் 1901-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிலிப்பைன்ஸில் பறக்கவிட அமெரிக்காவுக்கு ஒரு கொடி வேண்டுமென்றால் வழக்கமான கொடியையே எடுத்துக்கொள்ளலாம், வெள்ளைக் கோடுகளுக்குக் கறுப்பு அடித்துவிட்டு நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தில் மண்டையோட்டை வரைந்துவிட்டால் போதும் என்று அதில் சொன்னார். சொந்த நாட்டுக் கொடியைக் கடற்கொள்ளைக்காரன் கொடி என்றால் சும்மா விடுவார்களா? துரோகி என்று வசை பாடினார்கள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், மூன்று வருடங்களுக்கு முன்பு, 1898-ல், அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போனபோது அதை மனதாரப் பாராட்டியவரும் இதே மார்க் ட்வைன்தான். அப்போது அவர் அமெரிக்காவில் இல்லை. ஒன்பது வருடங்களுக்கு மேல் அவருடைய குடும்பத்தின் வாழ்க்கை வெளிநாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த நாட்டின் போரைப் பற்றிப் பேசுகிறவரிடம் எல்லாக் காலத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன தெரியும்?" ட்வைனின் கதை இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்கிறது. ஏனென்றால் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் முதலில் தப்பாகவும் சொன்னார், பிறகு சரியாகவும் சொன்னார்!

கடன் துரத்திய பயணம்

ட்வைன் நாட்டைவிட்டுப் போனது கொள்கைக்காக அல்ல. பணத்துக்காக. சார்லஸ் எல். வெப்ஸ்டர் அண்ட் கம்பெனி என்ற பதிப்பகம் அவருடையது. முன்னாள் ஜனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகளை 1885-ல் வெளியிட்டு, கிராண்டின் மனைவிக்கு ஒரே காசோலையில் 2 லட்சம் டாலர் கொடுத்த நிறுவனம் அது. அப்புறம்தான் சறுக்கல். பெய்ஜ் என்பவர் கண்டுபிடித்த அச்சுக்கோர்க்கும் இயந்திரத்தில் ட்வைன் பணத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார். அது அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருக்க, போட்டியாக வந்த லினோடைப் இயந்திரம் சந்தையைப் பிடித்துவிட்டது.

செலவைக் குறைக்க 1891-ல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போனார். 1894-ல் பதிப்பகம் திவால். சட்டப்படி கடனில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். ஆனால் மனைவி ஒலிவியாவும் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ் என்ற நண்பரும் முழுக்கடனையும் அடைப்பதுதான் மரியாதை என்றார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். அறுபது வயதை நெருங்கும்போது ஊர் ஊராகப் போய் மேடையில் பேசிப் பணம் சேர்க்க 1895-ல் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இலங்கை, தென் ஆப்பிரிக்கா என்று ஒரு வருடப் பயணம். 1896 மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, போகும் வழியில் நம் சென்னையில்கூட ஒரு நாள் நின்றுவிட்டுத்தான் போனார்.

பயணம் முடிந்த கையோடு பேரிடி. 1896 ஆகஸ்டில் மகள் சூசி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா இங்கிலாந்தில், மகள் ஹார்ட்ஃபோர்டில். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தத் துக்கத்தோடுதான் பயண நூலை எழுதி முடித்தார். 1898-ல் கடன் முழுவதும் அடைந்தது.

அந்தப் பயணம் அவருடைய கண்ணைக் கொஞ்சம் திறந்துவிட்டது. பம்பாய் ஓட்டலில் ஒரு ஜெர்மானியர் வேலைக்காரனைக் காரணம் சொல்லாமல் அறைந்தார். அந்த ஆள் முனகாமல் வேலையைத் தொடர்ந்தார். அதைப் பார்த்ததும் மிசௌரி மாநிலத்தில் தன் சிறுவயதில் அடிமைகளை இப்படி அடித்தது நினைவுக்கு வந்ததாக எழுதுகிறார். ஆனால் அதே புத்தகத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியைப் பாராட்டவும் செய்கிறார்! ஆக, பயணம் போய் வந்ததும் ஞானோதயம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வியன்னாவில் ஒரு தேசபக்தர்

1897 செப்டம்பர் முதல் 1899 மே வரை ட்வைன் குடும்பம் வியன்னாவில் இருந்தது. அங்கே இருக்கும்போதுதான் ஸ்பெயின் போர் வந்தது.

சுருக்கமாகப் பின்னணி. ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகக் கியூபா மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 1898 பிப்ரவரி 15-ல் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மெய்ன் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஸ்பெயின்தான் செய்தது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. ஏப்ரலில் போர். அதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வாக்குறுதியும் எழுதிக் கொடுத்தது. கியூபாவை அமெரிக்கா தனதாக்கிக்கொள்ளாது, அமைதி திரும்பியதும் ஆட்சியை அந்த மக்களிடமே விட்டுவிடும் என்பதுதான் அந்த வாக்குறுதி. டெல்லர் திருத்தம் என்று அதற்குப் பெயர்.

வியன்னாவில் நிலைமை வேறு. ஸ்பெயினை அப்போது ஆண்டுகொண்டிருந்த அரசி மரியா கிறிஸ்டினா ஆஸ்திரிய அரச குடும்பத்துப் பெண். நம் வீட்டுப் பெண்ணின் நாட்டை அடிக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? வியன்னா ஸ்பெயின் பக்கம்தான் சாய்ந்தது. அந்தச் சூழலில் வாழும் ஒரு அமெரிக்கர் என்ன செய்வார்? ஊர் வாயெல்லாம் தன் நாட்டைத் திட்டும்போது, உள்ளூரில் இருப்பவரைவிட அதிகமாகவே நாட்டை விட்டுக்கொடுக்காமல் பேசத் தோன்றும். ட்வைனும் விதிவிலக்கல்ல.

1898 ஜூனில் நெருங்கிய நண்பரான பாதிரியார் ஜோசப் ட்விச்செலுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் போரைப் போல் எந்தப் போரையும் தான் ரசித்ததில்லை என்கிறார். தன் விடுதலைக்காகப் போராடுவது நல்லதுதான், ஆனால் அடுத்தவன் விடுதலைக்காகப் போராடுவது அதைவிட உயர்ந்தது, அதை முதன்முதலில் செய்யும் நாடு அமெரிக்காதான் என்று பெருமைப்படுகிறார்.

அவரிடம் அப்போது இருந்த ஆவணம் டெல்லர் திருத்தம் ஒன்றுதான். அதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தில் பிலிப்பைன்ஸ் என்ற பெயரே கிடையாது.

2 கோடி டாலர் வியாபாரம்

பிலிப்பைன்ஸும் ஸ்பெயினின் காலனிதான். 1898 மே 1-ம் தேதி மணிலா குடாவில் அமெரிக்கத் தளபதி டூயி ஸ்பெயினின் கப்பல்களை நொறுக்கினார். ஹாங்காங்கில் இருந்த புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே ஊர் திரும்பினார். ஸ்பெயின் படைகளோடு மோதி, ஜூன் 12-ல் பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடு என்று அறிவித்தார்.

1898 டிசம்பர் 10-ல் பாரிஸில் அமெரிக்காவும் ஸ்பெயினும் உடன்படிக்கை எழுதின. அகினால்டோவின் பிரதிநிதி அகோன்சில்யோ பாரிஸ் வரை போயும் பேச்சுவார்த்தையில் சேர்க்கவில்லை. பங்காளிகள் இருவர் பேசி மூன்றாவது ஆளின் வீட்டைக் கிரயம் செய்த கதை!

அந்த உடன்படிக்கையை ஒரு தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள். முதல் ஷரத்தில் ஸ்பெயின் கியூபா மீதுள்ள உரிமையைக் கைவிடுகிறது. கைவிடுகிறது, அவ்வளவுதான். மூன்றாம் ஷரத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்காவுக்கு ஒப்படைக்கிறது, பதிலுக்கு அமெரிக்கா 2 கோடி டாலர் தரும். ஒன்பதாம் ஷரத்தில், ஒப்படைக்கப்பட்ட இடங்களின் மக்களுக்கு என்ன உரிமை, என்ன அரசியல் நிலை என்பதை அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானிக்கும் என்று வருகிறது. கைவிடுவது வேறு, ஒப்படைப்பது வேறு. இந்த ஒரு வினைச்சொல் வித்தியாசத்தில்தான் ஒரு நாடு விடுதலைக்கும் இன்னொரு நாடு விலைக்கும் போனது.

1903-ல் அமெரிக்கா எடுத்த கணக்கெடுப்பில் பிலிப்பைன்ஸ் மக்கள்தொகை சுமார் 76 லட்சம். 2 கோடியை வகுத்துப் பாருங்கள். தலைக்கு மூன்று டாலர்கூடத் தேறாது.

வணிகவியல் மாணவர்கள் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ல் பிரிவு 27 படித்திருப்பார்கள். தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவன் வாங்குபவனுக்குக் கொடுக்க முடியாது என்பது பொது விதி. நாடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நியாயம் ஒன்றுதானே? கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த தீவுகளை ஸ்பெயின் விற்றது, அமெரிக்கா வாங்கியது. ட்வைனும் பிறகு தன் கட்டுரையில், உரிமையாளர் அல்லாதவரிடம் வாங்கியது என்று இதைத்தான் கிண்டல் செய்தார்.

1899 பிப்ரவரி 4-ல் மணிலாவில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகளுக்கு இடையே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க செனட் உடன்படிக்கையை 57-க்கு 27 என்ற வாக்கில் ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 84-ல் 56. ஒரே ஒரு ஓட்டு மிச்சம்!

லண்டனில் அடக்கிய வாய்

ட்வைன் 1899-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அந்த அக்டோபரில் பிரிட்டன் தென் ஆப்பிரிக்காவில் போயர்களோடு போர் தொடங்கியது. தென் ஆப்பிரிக்காவை நேரில் பார்த்து வந்தவர் அவர். இது கேவலமான போர் என்று நண்பர் ஹோவெல்ஸுக்கு 1900 ஜனவரியில் கடிதம் எழுதினார். ஆனால் வெளியில் வாயைத் திறக்கவில்லை. தினமும் மனதுக்குள் காரசாரமாகக் கட்டுரை எழுதுவதாகவும், இங்கிலாந்து விழுந்தால் ரஷ்யாவும் ஜெர்மனியும் தலையெடுத்துவிடும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வதாகவும் சொல்கிறார்.

இருக்க இடம் கொடுத்த நாட்டின் போரைப் பற்றி மௌனம். சொந்த நாட்டின் போரைப் பற்றிப் பேச்சு. இது முரண்பாடு இல்லையா? முரண்பாடுதான். வெளிநாட்டில் வாழும் பலர் இப்படித்தான் வாழவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பிற நாடுகளின் குற்றங்களைப் பட்டியல் போடுவார்கள், சொந்த நாடு என்று வந்தால் நழுவிவிடுவார்கள். அதைவிட ட்வைன் தேர்ந்தெடுத்தது கடினமான பாதை.

அதே 1900 ஜனவரியில் எழுதிய இன்னொரு கடிதத்தில், பிலிப்பைன்ஸ் மக்களை விடுவித்துத் தீவுகளை அவர்களிடமே கொடுக்கும் எண்ணம் நமக்கு இருப்பதாகத் தெரியவில்லையே என்று சந்தேகப்படுகிறார். சந்தேகம் சும்மா நிற்கவில்லை, உடன்படிக்கையை எடுத்துப் படித்தார்.

1900 அக்டோபர் 15-ல் நியூயார்க்கில் கப்பலைவிட்டு இறங்கியதும் நிருபர்கள் சூழ்ந்தார்கள். வெற்றியோடு கடனை அடைத்துத் திரும்பும் கதாநாயகன், நாலு ஜோக் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் சொன்னது வேறு. பயணம் கிளம்பும்போது தீவிர ஏகாதிபத்தியவாதியாக இருந்தேன், அமெரிக்கக் கழுகு பசிபிக் கடலில் பறக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அதன் பிறகு பாரிஸ் உடன்படிக்கையைக் கவனமாகப் படித்தேன், நாம் போனது விடுவிக்க அல்ல, அடிமைப்படுத்த என்று தெரிந்துகொண்டேன், இப்போது ஏகாதிபத்திய எதிர்ப்பாளன் என்றார். பாதிரிமார்களின் சொத்துகளைக் காக்கவும் அதே உடன்படிக்கையில் நம் நாடு பொறுப்பேற்றிருக்கிறது என்றும் குத்திக் காட்டினார். இது எட்டாம் ஷரத்தில் இருக்கிறது. மனிதர் உண்மையிலேயே படித்திருக்கிறார்!

ஊர் திரும்பிய பிறகு

1900 டிசம்பர் 12-ல் நியூயார்க்கில் ஒரு கூட்டம். போயர் போரிலிருந்து தப்பி வந்து புகழ்பெற்ற ஒரு 26 வயது இளைஞர் பேச வந்திருக்கிறார். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அவரை அறிமுகப்படுத்த வேண்டியவர் 65 வயது ட்வைன். (இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 30 என்பது கொசுறுத் தகவல்.) இங்கிலாந்து தென் ஆப்பிரிக்காவில் பாவம் செய்தது, நாங்கள் பிலிப்பைன்ஸில் பாவம் செய்தோம், ஏற்கெனவே ரத்த உறவு, இப்போது பாவத்திலும் உறவு என்ற பொருளில் அறிமுகம் செய்தார். லண்டனில் அடக்கிய வாய் நியூயார்க்கில் திறந்துகொண்டது.

1901 தொடக்கத்தில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத்தலைவர்களில் ஒருவரானார். 1910-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவர்கள் அந்தக் கழகத்தில் இருந்தார்கள்.

1901 பிப்ரவரியில் நார்த் அமெரிக்கன் ரிவ்யூ இதழில் வந்ததுதான் "இருளில் அமர்ந்திருக்கும் மனிதருக்கு" என்ற கட்டுரை. கொடி விஷயம் அதில்தான் வருகிறது. நாகரிகத்தை ஒரு வியாபாரமாக வைத்துப் பேசுகிறார். மூட்டையின் மேல் உறையில் நீதி, சுதந்திரம் என்று அழகான லேபிள். உள்ளே இருக்கும் சரக்கோ, வாங்குபவன் தன் ரத்தத்தாலும் நிலத்தாலும் சுதந்திரத்தாலும் விலை கொடுப்பது. அமெரிக்கா இரண்டு இருக்க வேண்டும் என்கிறார்: ஒன்று சிறைப்பட்டவனை விடுவிப்பது, மற்றது விடுபட்டவனின் புதிய சுதந்திரத்தைப் பறிப்பது. அச்சு இயந்திரத்திலும் பதிப்பகத்திலும் சூடுபட்ட ஒரு வியாபாரியின் அனுபவம் இந்த உவமைகளில் தெரிகிறது.

இப்படி எழுதினால் புத்தக விற்பனை பாதிக்கும் என்று நண்பர் ட்விச்செல் கவலைப்பட்டார். வருமானம் குறையும் என்று ட்வைனுக்கும் தெரியும். கடனை அடைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. இருந்தும் நிறுத்தவில்லை.

1901 மார்ச்சில் ஜெனரல் ஃபன்ஸ்டன் அகினால்டோவைப் பிடித்தார். எப்படி? கள்ளக் கடிதம் தயாரித்து, கைதிகள்போல் வேடமிட்டு, வழியில் பட்டினியில் தவித்தபோது அகினால்டோவிடமே உணவு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அவரையே பிடித்தார்கள். அமெரிக்காவே கொண்டாடியது. 1902 மே மாதத்தில் ட்வைன் ஃபன்ஸ்டனைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினார். வேடம் போடுவதை, ஏமாற்றுவதைப் போரில் மன்னிக்கலாம், சோறு போட்டவனைத் தாக்குவதை எப்படி மன்னிப்பது என்பதுதான் அவர் கேள்வி. "உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான்.

என்ன பலன்?

உடனடிப் பலன் என்று பார்த்தால் எதுவும் இல்லை. 1900 நவம்பர் தேர்தலில் போரை நடத்திய மெக்கின்லிதான் மறுபடி ஜெயித்தார். 1902 ஜூலை 4-ல் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். அதற்குள் 4,200-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் போராளிகளும் இறந்திருந்தார்கள். வன்முறை, பஞ்சம், நோய் என்று பொதுமக்களில் 2 லட்சம் பேர்வரை மாண்டதாக அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவே சொல்கிறது. பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது 1946 ஜூலை 4-ல். 77 வயது அகினால்டோ அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். ட்வைன் இல்லை.

அவருடைய துணிச்சலுக்கும் எல்லை இருந்தது. 1905-ல் "போர்ப் பிரார்த்தனை" என்று ஒரு சிறு படைப்பு எழுதினார். வெற்றிக்காக வேண்டும்போது எதிராளியின் அழிவையும் சேர்த்தே வேண்டுகிறோம் என்பதுதான் கதை. பத்திரிகை திருப்பி அனுப்பியது. அவரும் உயிரோடு இருக்கும்வரை வெளியிடவில்லை. அது அச்சேறியது 1923-ல்தான்.

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம். வெளிநாட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும்? 1898-ல் வியன்னாவில் இருந்த ட்வைனும் 1900-ல் லண்டனில் இருந்த ட்வைனும் அமெரிக்காவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் இருந்தார்கள். தூரம் மாறவில்லை. படித்தது மாறியது. முதலில் நாடு தன்னைப் பற்றிச் சொன்னதை நம்பினார். பிறகு நாடு கையெழுத்துப் போட்டதைப் படித்தார். ஒரு கம்பெனியின் தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் என்ன பேசினார் என்பதை வைத்து யாரும் பங்கு வாங்குவதில்லை, ஐந்தொகையைப் பார்க்கிறார்கள். போருக்கும் ஐந்தொகை உண்டு. உடன்படிக்கை, தீர்மானம், ஒதுக்கிய பணம், யார் கையெழுத்து இருக்கிறது, யாருடைய கையெழுத்து இல்லை...

இவையெல்லாம் ஒளித்து வைக்கப்பட்ட காகிதங்கள் அல்ல. பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்காவில் இருந்த ஒவ்வொருவரும் படித்திருக்கக்கூடியதுதான். அதில் "ஒப்படைக்கிறது" என்ற வார்த்தை 1898 டிசம்பரிலிருந்தே இருந்தது. உள்ளூரில் எத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நம் நாட்டைப் பற்றியோ தன் நாட்டைப் பற்றியோ ஏதாவது சொல்லும்போது, அவர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், எதைப் படித்துவிட்டுச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே, மறுத்துப் பேசும் நாம் எதைப் படித்திருக்கிறோம் என்றும்.